மறைந்து வாழும் மீன்கள்



அச்சம் என்பது ஒரு குறைபாடு என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கடல்மீன்களின் வாழ்வை உற்று நோக்குவோமாயின் அவ்வெண்ணம் மாறிவிடும். ஆங்கே அச்சமே அரண். ஒளியத் தெரிந்த மீனே மறுநாள் விடியலைக் காண்கிறது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே உள்ள ஒரு தொழிற்சாலையின் வரவேற்புக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்றைக் கண்டேன். பயிற்சி பெற வந்த மாணவர் சிலர் அதனைச் சூழ்ந்து நின்றனர். “ஐயா, இதில் மீனே இல்லையே!” என்றார் ஒருவர். மற்றொருவர் கண்ணாடியை விரலால் தட்டினார். மீன்கள் இருந்தன, ஆனால் எல்லாம் கல்லிடுக்குகளில் பதுங்கியிருந்தன. அவை ஏன் பதுங்கின என்று அம்மாணவர்களுக்குக் கூறியதையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

முதற் காரணம் பிறவி இயல்பு. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள்ளன. அங்கே ஒவ்வொரு பொந்தும் ஒரு வீடு. கோமாளி மீன் கடற்சாமந்தியின் நச்சு இழைகளுக்குள் அஞ்சாது குடியிருக்கிறது. ராஸ் என்னும் இனத்து மீன்கள் பல, மாலை வந்ததும் மணலுள் புதைந்து உறங்குகின்றன. கிளிமீன்களுட் சில தம் உடலைச் சுற்றிக் கோழையால் உறை அமைத்து அதனுள் துயில்கின்றன. பெரிய கண்ணும் செந்நிறமும் உடைய அணில்மீனோ இரவில் இரை தேடுவது. பகலெல்லாம் குகையில் கிடக்கும். நீரில் ஆழம் செல்லச் செல்லச் சிவப்பொளி முதலில் மறைவதால், அச்செந்நிறம் அதனைக் கருநிழல்போல் மறைத்துக் காக்கிறது. இத்தகைய மீன் நண்பகலில் வெளிவரவில்லையே என வருந்துவது, ஆந்தை பகலில் பறக்கவில்லையே என வருந்துவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது காரணம் அதிர்ச்சி. மீனின் இரு பக்கங்களிலும் நீரின் மிகச் சிறு அசைவையும் உணரும் பக்கக்கோட்டு உறுப்பு உண்டு. மேலும், காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. நாம் விளையாட்டாகத் தட்டும் தட்டு மீனுக்கு இடியோசை ஆகிறது. சரக்கு வண்டிகள் ஓயாது செல்லும் சாலையோரத்தில் தொட்டி வைத்தால் நிலத்தின் அதிர்வும் அதனுடன் சேரும். இருட்டறையில் திடீரென விளக்கேற்றுவதும் கொடுமையே. இம்மீன்களுக்கு இமை இல்லை. அவற்றின் கண் ஒளிக்கு மெல்லவே பழகுகிறது. ஆகவே அறை விளக்கை முதலில் ஏற்றிச் சிறிது நேரம் கழித்தே தொட்டி விளக்கை ஏற்ற வேண்டும்.

மூன்றாவது காரணம் நோயும் நீர்க்கேடும். கடலிலிருந்து தொலைவில் உள்ளே இருக்கும் இப்பகுதியில், நீரைக் கொணர்தல் வேண்டும். அல்லது உப்புக் கலவையால் ஆக்குதல் வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எஞ்சிய நீரின் உப்புச்செறிவு ஏறுகிறது. அதனை ஈடுசெய்ய நன்னீரையே ஊற்ற வேண்டும். கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவும் மீனை வாட்டும்.

இயல்பான நாணத்தையும் நோயையும் வேறுபடுத்துவது எங்ஙனம்? புதிதாக விடப்பட்ட மீன் சில நாட்கள் ஒளிவது இயல்பு. ஆனால் நாள்தோறும் வெளியே உலவிய மீன் திடீரெனப் பதுங்கினால், உணவை மறுத்தால், செவுள்களை விரைந்து அசைத்தால், உடலைக் கல்லில் தேய்த்தால், மேனியில் வெண்புள்ளிகள் தோன்றினால், அது நோயின் அறிகுறி. அப்பொழுது காத்திருத்தல் கூடாது; நீரைச் சோதித்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமையால் மடிந்த மீன்கள் பல.

ஒரு விந்தையையும் கூறுகிறேன். மறைவிடங்களை மிகுதியாக வைத்தால் மீன்கள் முன்னிலும் அதிகமாக வெளியே வருகின்றன! ஓடி ஒளிய இடம் உண்டென்ற உறுதியே துணிவைத் தருகிறது. எனினும் அதற்கெனக் கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்தல் தகாது. பாறைகளை ஆக்கும் பவள உயிர்கள் 2001ஆம் ஆண்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சுட்ட மண்சட்டியும் தூய கற்களுமே போதும்.

நம் நாட்டில் இத்துறைக்கு நீண்ட மரபு உண்டு. சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1947இல் தோன்றிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், 1949 முதல் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. கோமாளி மீன்களைக் கடலிற் பிடியாது தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறையையும் அந்நிலையத்தார் கண்டுள்ளனர்.

நீங்களும் ஒரு தொட்டியின் முன் கால்மணி நேரம் அசையாது அமர்ந்து பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் நேரத்தையும் மீனின் செயலையும் எழுதுங்கள். கண்ணாடியைத் தட்டுவோர்க்குக் கற்களே தெரியும். பொறுத்திருப்போர்க்கு மீன்கள் தெரியும். அறிவியல் தொடங்குவது அப்பொறுமையில்தான்.