தண்ணீருக்குள் மூச்சடக்கும் நெல்

நம் வீட்டுப் பானையில் வேகும் அரிசி எந்த நாட்டு வயலில் விளைந்தது என்று நாம் அடிக்கடி யோசிப்பதில்லை. கடையில் அரிசி இருக்கும் வரை அந்தக் கேள்விக்கு அவசியமும் இல்லை. 2023ஆம் ஆண்டில் அந்தக் கேள்வி நம் எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்தது.

அந்த ஆண்டு ஜூலை மாதம், பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாடுகளுக்கு அனுப்பக் கூடாது என்று இந்தியா தடை விதித்தது. சில இடங்களில் மழை கொட்டித் தீர்த்து, வேறு சில இடங்களில் பொய்த்துப் போன ஆண்டு அது. உள்நாட்டில் அரிசி விலை ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தத் தடை என்றது அந்நாட்டு அரசு. செப்டம்பர் முதல் நாள் மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்ந்தது. பத்துக் கிலோ 26 வெள்ளி என்று விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்நாட்டு அரிசியோ பல கடைகளில் கண்ணிலேயே படவில்லை. இந்தியாவின் தடை 2024 செப்டம்பரில்தான் நீங்கியது.

எங்கோ ஒரு சிறு விவசாயியின் வயலில் நேரும் துன்பம் கடல் கடந்து நம் அடுப்பங்கரைக்கும் வந்து சேரும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டியது. பூமி சூடேறச் சூடேற வானத்தின் போக்கும் மாறி வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகமான நீராவியைத் தாங்கும் என்கிறது விஞ்ஞானம். அதனால் பெய்யும் போது மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஏழை விவசாயி இதற்கு என்ன செய்வான்? இந்தக் கேள்விக்கு நெல் ஆராய்ச்சியாளர்கள் கண்ட ஒரு பதிலைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நெல்லுக்கும் மூச்சு முட்டும்

"நெல் தண்ணீரிலேயே வளரும் பயிர்தானே, அதற்கு வெள்ளம் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். நெல்லின் கால்தான் தண்ணீரில் நிற்கும்; தலை வெளியே இருக்க வேண்டும். பயிர் முழுவதுமாக மூழ்கிவிட்டால் இலைகளுக்குக் காற்று போதாது. கலங்கிய நீருக்குள் வெயிலும் சரியாக இறங்காது.

அப்போது சாதாரண நெல் என்ன செய்கிறது தெரியுமா? எப்படியாவது தலையை வெளியே நீட்டிவிட வேண்டும் என்று தண்டையும் இலையையும் வேகவேகமாக வளர்க்கிறது. உடம்பில் சேர்த்து வைத்திருந்த மாவையும் சர்க்கரையையும் அதற்கே செலவழித்துவிடுகிறது. வெள்ளம் வடியும் போது பயிர் நீண்டு மெலிந்து, நிற்கவும் வலுவில்லாமல் சேற்றில் சாய்ந்து அழுகிவிடுகிறது. ஒரு வாரத்துக்கு மேல் முழுக்க மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலான நெல் வகைகள் பிழைப்பது அரிது.

ஏழை நிலத்து நெல்

இந்தியாவின் கிழக்குக் கரையில் உள்ள ஒடிசா மாநிலம் வெள்ளத்துக்குப் பேர்போனது. அங்கே தலபுட்டியா என்றொரு நாட்டு நெல் உண்டு. பள்ளத்து நிலங்களில் அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வந்த நெல் அது. அதிலிருந்து பொறுக்கி எடுத்துத் தூய்மை செய்த வகைக்கு எஃப்.ஆர். 13-ஏ என்று பெயர் வைத்தார்கள். வெள்ளத்தைத் தாங்குவது என்ற பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் நகரில் 1960ல் தொடங்கப்பட்ட அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் உலகெங்கிலும் இருந்து நெல் விதைகளைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. 1970களில் அங்கே நெல் வகைகளைத் தண்ணீரில் மூழ்கடித்துச் சோதித்தார்கள். மற்றவை மடிய, உயிரோடு எழுந்து நின்ற சிலவற்றில் இந்த ஒடிசா நெல்லும் ஒன்று.

அதன் வழி வேறு. வெள்ளம் மூடினால் அது வளர்வதை நிறுத்திவிடுகிறது. மூச்சை அடக்கி, கையிருப்பைச் செலவழிக்காமல் அசையாமல் கிடக்கிறது. தண்ணீர் வடிந்ததும் மிச்சம் வைத்திருந்த சத்தைக் கொண்டு புதுத் தளிர் விடுகிறது. வறுமைக் காலத்தில் கையை அடக்கிக் குடும்பம் நடத்தும் நம் தாய்மார்களின் சிக்கனம் இந்தப் பயிருக்கும் தெரிந்திருக்கிறது!

ஆனால் இந்த நெல்லில் விளைச்சல் குறைவு. அரிசியும் பலருக்குப் பிடிக்கவில்லை. இதை வேறு நெல்லோடு சேர்த்து முதலில் உண்டாக்கிய வகைகளும் விவசாயிகளிடம் எடுபடவில்லை. வெள்ளம் வராத ஆண்டில் குறைவாக விளையும் நெல்லை யார்தான் விரும்பி விதைப்பார்கள்?

ஒட்டுக்கன்றுக்கு ஒப்பான வேலை

தோட்டத்தில் ஒட்டு ரப்பர் கன்று நட்டுப் பழகியவர்களுக்கு அடுத்து நடந்தது எளிதில் விளங்கும். வேரூன்றிய நாற்றில், நிறையப் பால் தரும் மரத்தின் மொட்டை ஒட்டுகிறோம். இரண்டின் நன்மையும் ஒரே மரத்தில் வந்துவிடுகிறது. நெல்லில் மொட்டு ஒட்ட முடியாது. ஆனால் ஒன்றின் நல்ல குணத்தை மட்டும் மற்றொன்றுக்குள் கொண்டு சேர்க்க முடியுமா?

முடியும் என்று காட்டினார்கள். வெள்ளம் தாங்கும் குணம் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது என்று 1996ல் கெனாங் சூ, டேவிட் மெக்கில் ஆகிய இருவரும் கண்டறிந்தார்கள். அதற்குச் சப்-1 என்று பெயரிட்டார்கள். பமேலா ரொனால்ட் என்ற அம்மையாரும் சேர்ந்து உழைத்த குழு, அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணு இன்னதென்று 2006ல் உலகுக்கு அறிவித்தது.

கிழக்கிந்திய விவசாயிகள் மிகவும் விரும்பிப் பயிரிட்ட நெல் ஸ்வர்ணா. அதோடு வெள்ளம் தாங்கும் நெல்லைச் சேர்த்தார்கள். பிறந்த பயிரை மீண்டும் ஸ்வர்ணாவோடு சேர்த்தார்கள், மறுபடியும் சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் சப்-1 வந்து சேர்ந்த நாற்றை மட்டும் சோதனைச் சாலையில் அடையாளம் கண்டு வைத்துக்கொண்டார்கள். கடைசியில் கிடைத்தது ஸ்வர்ணாவேதான். அதே விளைச்சல், அதே அரிசி. வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூச்சடக்கும் குணம் மட்டும் புதிது. ஸ்வர்ணா சப்-1 என்ற அந்த நெல் 2009ல் இந்தியாவில் வெளியானது. பிலிப்பைன்சிலும் வங்காளதேசத்திலும் அந்தந்த நாட்டு நெல்லில் இதே குணத்தைச் சேர்த்தார்கள். காவிரி டெல்டாவில் சம்பா பருவத்தில் பயிராகும் சி.ஆர். 1009 என்ற நெல்லுக்கும் இந்தக் குணம் கொடுக்கப்பட்டது.

ஐந்து கிலோ விதை

விதை நன்றாக இருக்கிறது என்று ஆராய்ச்சிப் பண்ணை சொன்னால் போதுமா? ஏழையின் வயலில் பார்க்க வேண்டாமா? 2011ல் ஒடிசாவின் பத்ரக், பாலேஸ்வர் மாவட்டங்களில் அந்தச் சோதனை நடந்தது. கிராமங்களையும் விவசாயிகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஐந்து கிலோ விதை கொடுத்தார்கள். சிபாரிசுக்கு அங்கே இடமில்லை.

வயல் பத்து நாள் மூழ்கிக் கிடந்த இடங்களில், வழக்கமான நெல்லைவிட இந்த நெல் ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் விளைந்தது. வெள்ளம் வராத வயலில் விளைச்சல் குறையவும் இல்லை. 2013ல் வெளியான இந்த ஆய்வு இன்னொரு உண்மையையும் எடுத்துச் சொன்னது. வெள்ளம் தேங்கும் பள்ளத்து நிலங்கள் தாழ்த்தப்பட்ட மக்களிடமே அதிகமாக இருந்தன. மேட்டு நிலம் ஒருவனுக்கு, பள்ளத்து நிலம் இன்னொருவனுக்கு என்று பழைய சமுதாயம் பங்கு போட்டு வைத்திருந்தது. ஆகவே வெள்ளம் தாங்கும் விதையால் வரும் பலனும் அந்தக் கடைசி மனிதனுக்கே அதிகமாகப் போய்ச் சேரக்கூடியது. புதிய கண்டுபிடிப்புகள் முதலில் வசதி படைத்தவன் வீட்டுக்குப் போவதே உலக வழக்கம். இங்கே அது மாறியிருக்கிறது.

பயம் போனால் கை நீளும்

அடுத்து நடந்ததுதான் ஆராய்ச்சியாளர்களுக்கே பெரிய பாடம். விதை பெற்றவர்கள் அதற்குப் பிறகு விவசாயம் செய்யும் முறையையே மாற்றிக்கொண்டார்கள். கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தார்கள். விதையை வெறுமனே தூவாமல், பாடுபட்டு நாற்று நட்டார்கள். கூடுதலாக உரம் போட்டார்கள். அதற்காகத் துணிந்து கடனும் வாங்கினார்கள்.

ஏழை விவசாயி உரம் போடாதது சோம்பலாலா? அறியாமையாலா? இல்லை. போட்ட காசு ஒரே வெள்ளத்தில் போய்விடுமே என்ற பயம்தான் அவன் கையைக் கட்டிப் போட்டிருந்தது. அந்தப் பயம் குறைந்ததும் கட்டு அவிழ்ந்தது. இந்த விதையால் வரும் பலனில் பெரும்பங்கு இப்படிப் பயம் நீங்கி உழைப்பதால் வருவதே என்று 2016ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. "ஏழைக்குப் புத்தி சொல்லித் திருத்த வேண்டும்" என்று பேசுகிறவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த நெல்லின் விதையை விளைச்சலிலிருந்தே எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். ஆண்டுதோறும் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இதுவே முடிவல்ல

இந்த நெல் சர்வரோக நிவாரணி அல்ல. விதைத்தவுடன் வெள்ளம் வந்தால் முளை அழுகிவிடும். அரை ஆள் உயரத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நின்றால், வளராமல் கிடக்கும் குணமே அதற்கு எதிரியாகும். கடல் நீர் ஏறிய வயலில் உப்புக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஆகவே வெள்ளத்தையும் உப்பையும் வறட்சியையும் சேர்த்துத் தாங்கும் நெல்லுக்கான ஆராய்ச்சிகள் தொடர்கின்றன.

அந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் மூலதனம் எது? லாஸ் பானோஸ் விதை வங்கியில் இருக்கும் 130,000க்கும் மேற்பட்ட நெல் விதைகள். அவற்றில் பெரும்பாலானவை விஞ்ஞானிகள் படைத்தவை அல்ல. பெயர் தெரியாத குடியானவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ஒவ்வொரு அறுவடையிலும் நல்ல கதிராகப் பார்த்துப் பொறுக்கிப் பானையில் கட்டிக் காத்தவை. ஒடிசாவின் பள்ளத்து மக்கள் "விளைச்சல் குறைவு" என்று தலபுட்டியாவைத் தூக்கி எறிந்திருந்தால், இன்று சப்-1 என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம் தோட்டத்து வீடுகளின் பின்புறத்திலும் பாட்டி காலத்துக் கீரை, அவரை, பாகல், பயற்றங்காய் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கின்றன. கடையில் பளபளக்கும் விதைப் பொட்டலம் கிடைக்கிறதே என்று அவற்றை அழியவிட்டுவிடாதீர்கள். நன்றாகக் காய்த்த கொடியில் இரண்டு காயை முற்றவிட்டு, நிழலில் காயவைத்து, ஈரம் படாமல் புட்டியில் போட்டு மூடி வையுங்கள். அண்டை வீட்டாருக்கும் ஒரு பிடி கொடுங்கள். எந்த விதைக்குள் எந்தக் காலத்துக்கான பலம் அடங்கியிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்!