ஒரே எண்ணை ஆயிரம் முறை அனுப்பினால் சோதனை ஆகுமா?

பெருநாள் காலத்தில் இணையம் வழி பயணச் சீட்டு வாங்கப் போய், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்து நொந்து போகாதவர் நம்மில் குறைவு. "இவர்கள் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க மாட்டார்களா?" என்று கேட்கிறோம். பல நேரங்களில் சோதிக்கத்தான் செய்கிறார்கள். கோளாறு அந்தச் சோதனையிலேயே இருக்கிறது.

உங்கள் கைப்பேசிச் செயலி சர்வரிடம் விவரம் கேட்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அந்த வாசலைத் தட்டினால் தாங்குமா என்று பார்ப்பது சுமைச் சோதனை. 1998-இல் வெளிவந்த ஜேமீட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் கற்பனைப் பயனாளர்களை உருவாக்கி இந்த வேலையைச் செய்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு குழுவும் இப்படிச் சோதித்தது. பதில்கள் மின்னல் வேகத்தில் வந்தன. கைதட்டிக் கொண்டோம். திறப்பு நாளன்று அரை மணி நேரத்தில் சர்வர் படுத்துவிட்டது. காரணம் வெட்கப்படத்தக்கது. எல்லாக் கோரிக்கைகளிலும் ஒரே அடையாளக் கார்டு எண்ணைத்தான் அனுப்பியிருந்தோம். ஒரே ஆள் மாமாக் கடைக்கு ஆயிரம் முறை வந்து அதே தே தாரிக் கேட்டால், கடைக்காரர் முன்கூட்டியே ஆற்றி வைத்துவிட மாட்டாரா? சர்வரும் முதல் பதிலைக் கேச் நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதையே நீட்டியது. தரவுத்தளத்துக்கு வேலையே இல்லை.

ஆகவே ஒவ்வொரு கோரிக்கையிலும் தரவு மாற வேண்டும். எண்களையும் பெயர்களையும் சிஎஸ்வி கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால், ஜேமீட்டர் ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். உள்நுழைந்ததும் சர்வர் தரும் டோக்கனை அந்தப் பதிலிலிருந்தே பிடித்து அடுத்த கோரிக்கையில் சேர்க்க வேண்டும். பழைய டோக்கன் செல்லாது.

அதற்காக மனம் போன போக்கில் எண்களைக் கொட்டவும் கூடாது. மைகார்டு எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். சிங்கப்பூர் அடையாள எண்ணின் கடைசி எழுத்தோ கணக்கிட்டு வருவது. பதினேழாம் மாதத்தில் பிறந்தவரை அனுப்பினால் சர்வர் வாசலிலேயே விரட்டிவிடும். விரட்டுவது மிக வேகமாக நடக்கும்! அந்த வேகத்தைத் திறமை என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. நேரத்தை மட்டும் அளக்காமல், வந்த பதில் சரியானதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. தேதிகளைச் சமமாகப் பரப்பினால் அது நம் மக்களின் வழக்கம் ஆகாது. தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஈப்போவுக்குப் போகத்தான் எல்லாரும் முட்டிமோதுவார்கள். தரவிலும் அந்த நெரிசல் இருக்க வேண்டும்.

உண்மையான வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துச் சோதிப்பது சுலபம்தான். ஆனால் மலேசியாவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் தனிநபர் தகவலைக் காக்கவே வந்தவை. சட்டம் இல்லாவிட்டாலும் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். சோதனைக் குறுஞ்செய்தி நள்ளிரவில் யாரோ ஒரு பாட்டியின் கைப்பேசியில் போய் நிற்கும்.

நாங்கள் மாறும் தரவோடு மறுபடியும் சோதித்தோம். சில நூறு பேரிலேயே சர்வர் திணறியது. அடையாளக் கார்டு எண்ணுக்குத் தரவுத்தளத்தில் அட்டவணைக் குறியீடே போடவில்லை. ஒவ்வொருவரைத் தேடவும் முழுப் பட்டியலையும் புரட்டிக் கொண்டிருந்தது. அதைச் சேர்க்க ஒரே ஒரு வரிதான் தேவைப்பட்டது.