உங்களுக்குத் தெரியுமா? டீசல் கிராங்க் போட்ட ஸ்போர்ட்ஸ் கார்

● ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினுக்குப் பலம் கூட்ட வேண்டுமென்றால் பந்தய சாமான்கள் விற்கும் கடைக்குப் போவார்கள் என்றுதான் நினைப்போம். டாட்சன் 240 இசட் காரை நேசித்த அமெரிக்கர்கள் போனதோ பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடத்துக்கு. அங்கே அவர்கள் தேடியது 1980-களின் தொடக்கத்தில் விற்பனையான டாட்சன் மாக்ஸிமா டீசல் கார். 80 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட, நிதானமான குடும்பக் கார். அதன் இன்ஜினுக்குள் இருந்த கிராங்க் ஷாஃப்ட்டுக்காகத்தான் அந்தத் தேடல்.

● சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம்தான் ஸ்ட்ரோக். அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது கிராங்க். பிளாக்கை மாற்றாமல், அதில் அதிக ஸ்ட்ரோக் உள்ள கிராங்க்கைப் பொருத்தினால் அது ஸ்ட்ரோக்கர் இன்ஜின். பானட்டைத் திறந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதே நீளம், அதே உயரம், அதே மவுண்ட். சி.சி. மட்டும் கூடியிருக்கும். பழைய காரின் உருவத்தைச் சிதைக்காமல் பலம் கூட்ட இதைவிட மரியாதையான வழி இல்லை என்பது என் எண்ணம்.

● 240 இசட் 1969-ல் அறிமுகமானது. டாட்சன் என்ற பெயரில் கார்களை விற்ற நிசானின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக இருந்த யுடாகா கட்டயாமா இப்படியொரு கார் வேண்டும் என்று விடாமல் போராடினார். அமெரிக்காவில் விலை 3,526 டாலர். சுமார் 1,050 கிலோ எடை, நேர்வரிசையில் 6 சிலிண்டர், 2,393 சி.சி., 151 குதிரைத்திறன். ஐரோப்பாவின் விலையுயர்ந்த கார்கள் தந்த அனுபவத்தைச் சம்பளக்காரரும் வாங்கும்படி செய்த கார் இது. கட்டயாமா 105 வயதுவரை வாழ்ந்து 2015-ல் காலமானார்.

● 1973-ல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 240 இசட்டில் வென்ற சேகர் மேத்தா இந்திய வம்சாவளியினர், உகாண்டாவில் பிறந்தவர். அதே ராலியை அவர் மொத்தம் 5 முறை வென்றார்.

● இந்தக் காரின் இன்ஜின் குடும்பத்துக்கு எல் வரிசை என்று பெயர். 240 இசட்டில் இருந்தது எல் 24. அதன் போர், அதாவது சிலிண்டரின் குறுக்களவு, 83 மி.மீ., ஸ்ட்ரோக் 73.7 மி.மீ. பிறகு வந்த 280 இசட்டில் எல் 28: போர் 86, ஸ்ட்ரோக் 79. இரண்டு பிளாக்கும் ஒரே உயரம். ஸ்ட்ரோக் 5.3 மி.மீ. கூடியதே, பிஸ்டன் எப்படி ஹெட்டில் போய் முட்டாமல் இருக்கிறது? பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பாருங்கள். எல் 24-ல் அதன் நீளம் 133 மி.மீ., எல் 28-ல் 130.35. அதாவது ராட் 2.65 மி.மீ. குறைந்திருக்கிறது. கூடிய ஸ்ட்ரோக்கில் சரிபாதியும் 2.65 மி.மீ.தான். கிராங்க் மேலே தள்ளும் அளவை ராட் அப்படியே விட்டுக்கொடுக்கிறது. ஒரே உயரப் பிளாக்கை வைத்துக்கொண்டு பல இன்ஜின்கள் படைக்கும் இந்தக் கணக்கை நிசானின் பொறியாளர்களே முதலில் போட்டார்கள். பின்னால் வந்த பட்டறைக்காரர்கள் அதைப் படித்துக்கொண்டு இன்னும் ஒரு படி மேலே போனார்கள்.

● அந்த ஒரு படி எது? டீசல் மாக்ஸிமாவில் இருந்த எல்டி 28 இன்ஜினும் இதே குடும்பம்தான். அதன் கிராங்க் ஸ்ட்ரோக் 83 மி.மீ. அது எல் 28 பிளாக்கின் மெயின் பேரிங்குகளில் உட்காரும். டீசலின் அழுத்தத்தைத் தாங்கச் செய்த கிராங்க் என்பதால் பலத்தைப் பற்றிக் கவலையும் இல்லை.

● இப்போது முழுச் சமையல் குறிப்பையும் பாருங்கள். பிளாக் 280 இசட்டிலிருந்து. கிராங்க் டீசல் மாக்ஸிமாவிலிருந்து. ராட், பழைய 240 இசட்டின் 133 மி.மீ. ராட். பிஸ்டன், பிற்காலத்து நிசான் பிக்கப் டிரக்கிலும் வந்த 89 மி.மீ. கேஏ 24 இன்ஜின் பிஸ்டன். இந்தப் பிஸ்டனில், ராடை இணைக்கும் ‘பின்’னுக்கு மேலே உள்ள உயரம் குறைவு. நீண்ட ராடும் நீண்ட ஸ்ட்ரோக்கும் சேர்ந்து கேட்கும் இடத்தை அதுதான் தருகிறது. அப்படியும் பிஸ்டன் பிளாக்கின் மேல்தளத்தைத் தாண்டிச் சற்றே எட்டிப் பார்க்கும். அதற்குத் தடித்த ஹெட் கேஸ்கெட் போடுவார்கள். நான்கு வண்டிகளின் உதிரிப் பாகங்கள் ஓர் இன்ஜினில் இப்படிக் கூடுவதை யோசித்துக் கண்டுபிடித்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

● 89 மி.மீ. போர், 83 மி.மீ. ஸ்ட்ரோக், 6 சிலிண்டர். பெருக்கிப் பாருங்கள்: 3,098 சி.சி. இசட் கார் பிரியர்கள் ‘3.1’ என்று சொன்னால் இதுதான். பலரும் கவனிக்காத ஒன்று, இதில் போரின் பங்கு ஸ்ட்ரோக்கின் பங்கைவிடப் பெரிது. எல் 28-ஐ 86-லிருந்து 89-க்கு ரீபோர் செய்தாலே 2,753 சி.சி. 2,949 ஆகிவிடும். மீதி 149 சி.சி.யைத்தான் டீசல் கிராங்க் தருகிறது.

● “ஸ்ட்ரோக் நீளமானால் நெம்புகோல் நீளும், அதனால்தான் டார்க் கூடுகிறது” என்று சொல்வதுண்டு. பாதி உண்மை. சி.சி.யை மாற்றாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் நீட்டினால் போரைக் குறைக்க வேண்டும். நெம்புகோலில் வந்த லாபம் பிஸ்டனின் பரப்பில் போய்விடும். டார்க்கைத் தருவது சி.சி.யும், அதற்குள் எவ்வளவு கலவையை நிரப்ப முடிகிறது என்பதும்தான்.

● ஸ்ட்ரோக்கர் இன்ஜினில் கம்ப்ரஷன் தானாக ஏறிவிடும். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 54 சி.சி. என்று வைத்துக்கொள்வோம். எல் 28-ல் ஒரு சிலிண்டர் 459 சி.சி.; கம்ப்ரஷன் விகிதம் 9.5. அதே 54 சி.சி.யை 3.1 இன்ஜினில் வைத்தால் ஒரு சிலிண்டர் 516 சி.சி.; கம்ப்ரஷன் 10.5-ஐத் தாண்டும். சாதாரண பெட்ரோலில் நாக்கிங் வரலாம். எனவே பிஸ்டன் வாங்குவதற்கு முன்பே ஹெட்டின் அறை அளவை எடுக்க வேண்டும். ஹெட்டைத் தலைகீழாக வைத்து, வால்வுகளை மூடி, மேலே கண்ணாடித் தகடு ஒட்டி, அளவுக்குழாயிலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பார்கள். நூலில் போட்ட எண்ணை நம்பிக் கணக்குப் போடுபவர் நல்ல பட்டறைக்காரர் இல்லை.

● 2.4 லிட்டர் எல் 24, நிமிடத்துக்கு 6,000 சுற்றில் உள்ளிழுக்கும் அதே காற்றை 3.1 இன்ஜின் சுமார் 4,600 சுற்றிலேயே கேட்கும். ஹெட்டை அப்படியே விட்டுவிட்டால் டார்க் கூடும், ஆனால் மேல்வேகத்தில் மூச்சு வாங்கும். அதனால்தான் பெரிய வால்வு, போர்ட் வேலை, புதிய கேம் ஷாஃப்ட், மூன்று வெபர் அல்லது மிகுனி கார்புரேட்டர் என்று செலவு நீள்கிறது. மூன்றிலும் இரண்டிரண்டு தொண்டை; சிலிண்டருக்கு ஒன்று.

● 7,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் எல் 24-ல் விநாடிக்கு 17.2 மீட்டர். 83 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 19.4 மீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பிஸ்டன் முழுதாக நின்று திரும்புகிறது என்பதை நினைவில் வைத்து இந்த எண்ணைப் படியுங்கள். ராட் போல்ட்டில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது என்று மூத்த மெக்கானிக்குகள் அடித்துச் சொல்வதன் காரணம் இதுதான்.

● 86-லிருந்து 89-க்குப் போர் போடும்போது சிலிண்டர் சுவரில் சுற்றிலும் 1.5 மி.மீ. இரும்பு போகிறது. 40, 50 ஆண்டு பழைய பிளாக். தண்ணீர் ஓடும் பக்கத்தில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வார்ப்பில் மையம் கொஞ்சம் விலகியிருந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்தும் இருக்கும். எனவே லேத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரின் சுவரையும் பல இடங்களில் அல்ட்ராசானிக் கருவியால் அளப்பது கட்டாயம். சுவர் மெலிந்த பிளாக்கை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு தேட வேண்டும். இதில் சமாதானமே கிடையாது.

● நீண்ட கிராங்க் கிடைக்கவில்லையா? இருக்கும் கிராங்க்கிலேயே ஸ்ட்ரோக்கைக் கூட்டலாம். ராட் உட்காரும் உருளையின் குறுக்களவு 50 மி.மீ. என்றால், அதை ஒரு பக்கமாக விலக்கி 45 மி.மீ.க்குக் கடைவார்கள். மையம் 2.5 மி.மீ. வெளியே நகரும், ஸ்ட்ரோக் 5 மி.மீ. கூடும். அதற்கேற்ற சிறிய பேரிங் உள்ள ராட் வேண்டும்.

● பிளாக்கையும் ஹெட்டையும் போல்ட் போட்டு இறுக்கும்போது சிலிண்டர் வட்டம் நுண்ணளவில் கோணுகிறது. அதனால் தேர்ந்த பட்டறைகளில் ஹெட்டுக்குப் பதில் கனமான தகடு ஒன்றை அதே இறுக்கத்தில் போல்ட் செய்த பிறகே ஹோனிங் செய்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது இருக்கப்போகும் வடிவத்திலேயே வட்டம் கிடைக்கிறது.

● ஸ்ட்ரோக்கை நீட்டியது பட்டறைக்காரர்கள் மட்டுமல்ல, தொழிற்சாலைகளும்தான். போர்ஷே 911 காரின் ஸ்ட்ரோக் முதலில் 66 மி.மீ. 1972 மாடலில் அதை 70.4 ஆக்கி, 2,341 சி.சி. இன்ஜினுக்கு 2.4 என்று பெயர் வைத்தார்கள். கூடவே கம்ப்ரஷனைக் குறைத்ததால் அது சாதாரண பெட்ரோலிலும் ஓடியது. சி.சி.யைக் கூட்டிவிட்டு அந்த லாபத்தில் ஒரு பகுதியை எரிபொருள் வசதிக்காக விட்டுக்கொடுத்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

● அமெரிக்காவில் ஸ்ட்ரோக்கர் என்றதும் நினைவுக்கு வரும் எண் 383. செவர்லேயின் 350 கன அங்குல பிளாக்கில் அதே நிறுவனத்தின் 400 கன அங்குல இன்ஜின் கிராங்க்கைப் போடுவது. மெயின் உருளைகளை 2.65 அங்குலத்திலிருந்து 2.45-க்குக் கடைய வேண்டும். இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே கிராங்க்குக்கு மேலே ஓடுவதால், ராட் போல்ட் அதில் உரசாமல் பார்க்க வேண்டும். பிளாக்கின் கீழ் ஓரத்தையும் அங்கங்கே அரைத்துவிட வேண்டும். டாட்சனில் கேம் மேலே ஹெட்டில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

● சென்னையில் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் 948 சி.சி. இன்ஜினும், பிரிட்டனின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் ஒரே குடும்பம். ஆண்டுக்கணக்கில் 76 மி.மீ. ஆக இருந்த ஸ்ட்ரோக், ஸ்பிட்ஃபயர் 1500-ல் 87.5 ஆக நீண்டிருந்தது. மூன்றே மெயின் பேரிங் கொண்ட கிராங்க் அது. அதிகச் சுற்றில் விரட்டினால் பேரிங் தேய்ந்துபோகும் என்ற கெட்ட பெயரை அந்த இன்ஜின் இன்றும் சுமக்கிறது. டாட்சனின் 6 சிலிண்டர் கிராங்க்குக்கு மெயின் பேரிங் ஏழு.

● ஆனால் நேர்வரிசை 6 சிலிண்டர் கிராங்க்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. நீளம் அதிகமென்பதால் ஒவ்வொரு வெடிப்பிலும் அது முறுக்கி விடுபடுகிறது. அந்த அதிர்வை உள்வாங்குவது முன்பக்கப் புல்லியில் ரப்பர் வளையத்துடன் இருக்கும் டாம்பர். பழைய ரப்பர் இறுகி வெடித்திருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டிய இன்ஜினில் பழைய டாம்பரை மாட்டுவது கிராங்க்கை முறிக்கும் வழி.

● ஜப்பானின் ‘வாங்கன் மிட்நைட்’ சித்திரக்கதையில் வரும் ‘டெவில் இசட்’ காரின் இன்ஜினும் எல் 28-லிருந்து 3.1 லிட்டராகக் கட்டப்பட்டதுதான், இரட்டை டர்போவோடு. ஒகயாமாவின் ஓஎஸ் கிகென் நிறுவனமோ இதே எல் பிளாக்குக்கு 24 வால்வு இரட்டைக் கேம் ஹெட்டையே வடிவமைத்தது.

● கடைசி முறையாக மூடுவதற்கு முன் ஒருமுறை சோதனைக்காக இன்ஜினைக் கோப்பார்கள். பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, ஹெட்டை வைத்து இறுக்கி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவார்கள். பிறகு பிரித்து, வால்வு அழுந்திய இடத்தில் களிமண் எவ்வளவு தடிப்பாக மிஞ்சியிருக்கிறது என்று அளப்பார்கள். மெலிதாக இருந்தால் ஓடும் இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதும். எத்தனை நவீனக் கருவி வந்தாலும் இந்தச் சோதனைக்கு ஈடில்லை.

● புதிய கேம் போட்ட எல் இன்ஜினை முதல்முறை எழுப்பியதும் ஐடிலில் விடக் கூடாது. 2,000 சுற்றுக்குக் குறையாமல் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். கேமும் ராக்கரும் ஒன்றோடொன்று பழகும் நேரம் அது. எண்ணெயில் துத்தநாகச் சேர்மம் போதிய அளவு இருப்பதும் அவசியம். இன்றைய கார்களுக்கான பல எண்ணெய்களில் அது குறைவு.

● 1997-ல் நிசான் தானே பழைய 240 இசட் கார்களை வாங்கி, புதுப்பித்து, அமெரிக்க டீலர்கள் வழியாக மறுபடி விற்றது. இன்று சேஸிஸோடு சேர்ந்து வந்த அசல் இன்ஜின் இருக்கும் காருக்குத் தனி மதிப்பு. 3.1 கட்டுவதற்கு எல் 28 பிளாக்தான் தேவை; 133 மி.மீ. ராடை வேறொரு எல் 24-லிருந்து எடுக்கலாம். காரோடு வந்த எல் 24-ஐத் தொட வேண்டிய அவசியமே இல்லை. எந்தப் பழைய காராக இருந்தாலும், ஸ்ட்ரோக்கர் கட்ட ஆசைப்படுபவர்களை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வேலையை வேறொரு பிளாக்கில் செய்யுங்கள். அசல் இன்ஜினை எண்ணெய் பூசி, துளைகளை அடைத்து, ஈரம் படாத இடத்தில் எடுத்து வையுங்கள்.