'வாயப்பயம்': குறையா, வழக்கா?

நாலு வயசுக் குழந்தை வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்கிறது. ஸ்பீச் தெரபிக்கு அனுப்பணுமா? எங்க முதலியார்பேட்டையிலேயே பெரியவங்க பலர் அப்படித்தான் சொல்றாங்க. தெற்கே போனால் அதுவே 'வாளப்பளம்'. குறையா வழக்கா என்று பிரிக்க ஒரு அளவுகோல் வேண்டும்: இந்த வட்டாரத்தில், எந்த வயதில், எத்தனை பிள்ளைகளுக்கு எந்த ஒலி வந்துவிடுகிறது? ஆங்கிலத் தேர்வை மொழிபெயர்த்தால் இது கிடைக்காது. அதில் ள, ண பற்றிக் கேள்வியே இருக்காது.

தமிழில் ஒலிப்புத் தேர்வுகளே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கிற ஆய்வேடாக இதைச் செய்தால் எத்தனை குழந்தைகளைப் பார்த்துவிட முடியும்? ஒழுங்காகச் செய்ய என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். 3 முதல் 6 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு, மொத்தம் 6. பிரிவுக்கு 50 பேர், 4 வட்டாரம். ஆக 1,200 குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் பதிவு அரை மணி. கேட்டு எழுத இரண்டு பேர், தனித்தனியாக, ஆளுக்கு 2 மணி நேரம் (ஒருவர் காதை மட்டும் நம்ப முடியாது). மொத்தம் 5,400 மணி நேரம். ஒரே ஆள் என்றால் இரண்டரை வருஷ வேலை. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், சம்பளமும் பஸ் காசும்தான்.

அந்தச் சம்பளத்தை யார் தருவது? இங்கேதான் சிக்கல். கருவிக்குப் பணம் கிடைக்கிறது, நல்ல விஷயம்தான். ஒன்றிய அரசின் அடிப் திட்டத்தில் 2014 திருத்தத்தின்படி ஒரு காக்ளியர் இம்ப்ளான்டுக்கு உச்சவரம்பு 6 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டுத் திட்டமும் இதற்கு உதவுகிறது. ஆனால் கருவி பொருத்திய குழந்தை இரண்டு வருஷம் கழித்து வயசுக்கேற்ற தமிழ் பேசுகிறதா என்று பார்க்கவும் அதே அளவுகோல்தானே வேண்டும்?

அமெரிக்காவில் இந்தத் துறை 1988 வரை நரம்பியல், பக்கவாதத்தோடு ஒரே நிறுவனத்துக்குள் இருந்தது. அந்த வருஷம் காது கேளாமைக்கும் பேச்சுக் குறைகளுக்கும் என்.ஐ.டி.சி.டி. என்று தனி நிறுவனம் வந்தது. சமீப ஆண்டுகளில் அதன் நிதி ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல். அங்கே டென்னிஸ் டிரெய்னா குழு 2010-ல் திக்குவாயோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை வெளியிட்டது. முக்கியமான தடயம் கிடைத்தது ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தில். நம்ம துணைக்கண்டத்துக் குடும்பம், அவங்க பணம்.

இந்தியாவில் 1960-களிலிருந்து மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. பணம் ஒன்றிய சுகாதார அமைச்சகத்துடையது. ஆய்வுக்கென்று அதற்குச் சொந்தமாக ஒரு நிதியும் உண்டு. ஆனால் பாடம் நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது, ஆராய்வது மூன்றும் அதே ஆட்கள் தலையில். வெளியே ஐ.சி.எம்.ஆரிடம் போனால், காசநோயும் புற்றுநோயும் நிற்கிற வரிசை. திக்குவாயால் யாரும் சாவதில்லை என்பதால் அந்த வரிசையில் முன்னே போவது கஷ்டம்.

பணம் வந்தாலும் இன்னொன்று இருக்கிறது. மைக்கைப் பார்த்ததும் பக்கத்தில் இருக்கும் அம்மா, "வாழைப்பழம்னு சரியா சொல்லுப்பா" என்று எடுத்துக்கொடுப்பார். அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டு இன்னொரு நாள் போகணும். என் 5,400-ல் அந்த நேரத்தைச் சேர்க்கவில்லை.