மனூட் போலின் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம்

மனூட் போல் (பதிவுகளின்படி அக்டோபர் 16, 1962 – சூன் 19, 2010) தென்சூடானின் திங்கா இனத்தைச் சேர்ந்த கூடைப்பந்தாட்ட வீரர். உயரம் 7 அடி 7 அங்குலம் (231 செ.மீ). அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் பத்துப் பருவங்கள் ஆடிய இவர், கல்லூரி அணிக்காக ஆடியது 1984–85 என்ற ஒரே பருவம் மட்டுமே.

கல்லூரிக்கு வந்த வழி

மாடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்த போலைச் சூடானில் கண்டவர் டான் பீலி என்ற அமெரிக்கப் பயிற்சியாளர். 1983இல் சான் டியேகோ கிளிப்பர்சு அணி இவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் விதிப்படி விண்ணப்பிக்கவில்லை என்று அத்தேர்வு செல்லாமல் போனது. கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடவும் ஆங்கில அறிவு போதாமை தடையாயிற்று. அந்த அணிக்காக இவர் ஒரு போட்டியிலும் ஆடியதில்லை. ஆயினும் இவருக்கு முறைகேடாகப் பொருளுதவி செய்ததற்காக அப்பல்கலைக்கழகம் பின்னாளில் தண்டிக்கப்பட்டது.

பிரிட்ச்போர்ட்டில் ஒரு பருவம்

இறுதியில் கனெடிகட் மாநிலத்தின் பிரிட்ச்போர்ட் பல்கலைக்கழகம் இவரைச் சேர்த்துக்கொண்டது. இரண்டாம் பிரிவில் ஆடிய சிறிய அணி அது. போல் வந்தபின் அதன் அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆட்டத்திற்குச் சராசரியாக 22.5 புள்ளிகள், கூடையில் விழாமல் திரும்பிய பந்துகளைக் கைப்பற்றியது 13.5, எதிரணியின் எறிகளைத் தடுத்தது 7.1. இவற்றுள் கடைசி எண்ணே வியப்புக்குரியது. கூடையை நோக்கிக் கீழிறங்கத் தொடங்கிய பந்தைத் தொடுவது குற்றம். மேலெழும்போதே தடுக்க வேண்டும். எனவே உயரம் மட்டும் போதாது, காலக்கணிப்பும் வேண்டும். தரையிலிருந்து 10 அடி உயரத்திலுள்ள வளையத்தை எம்பாமலே தொடக்கூடிய போலுக்கு இரண்டும் வாய்த்திருந்தன. மெலிந்த உடல்தான் குறை. கனத்த வீரர்கள் எளிதில் இவரைத் தள்ளிவிடுவர்.

கல்லூரியை விட்டது

சூடானில் 1983இல் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அங்கிருந்த சகோதரியை வெளியே கொண்டுவரப் பணம் தேவைப்பட்டதால் போல் படிப்பைத் தொடரவில்லை. 1985இல் வாசிங்டன் புல்லட்சு அணி இரண்டாம் சுற்றில் இவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்திலேயே 397 எறிகளைத் தடுத்தார். புதுமுக வீரர்களில் இது சாதனை. ஓய்வுபெறும்போது இவர் எடுத்த புள்ளிகள் 1,599. தடுத்த எறிகள் 2,086. ஈட்டிய பணத்தில் பெரும்பகுதி சூடானிய அகதிகளுக்கே சென்றது.