கோர்ட் படி ஏறுமுன்...

அப்பா காலமாகி வருஷாப்திகம் முடிந்த மறு மாதமே அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அம்மா முன்பே போய்விட்டாள். "வீட்டில் எனக்கும் பாகம் உண்டு" என்கிறாள் தங்கை. "உன் கல்யாணத்துக்குச் செய்ததெல்லாம் கணக்கில் இல்லையா?" என்கிறான் அண்ணன். அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்துவிடுகிறது!

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படி ஒன்று உங்கள் உறவிலேயே இல்லை என்று சொல்ல முடியுமா?

கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள் பெரியவர்கள். தீர்ப்பு, அப்பீல், அதற்கு மேல் ஓர் அப்பீல் என்று வழக்கு முடிவதற்குள் தங்கையின் பெண்ணுக்கே கல்யாணம் வந்துவிடும். பாகம் கையில் இருக்கும். சீர்த் தட்டோடு வர மாமன் இருக்க மாட்டான்.

இதற்குத்தான் சமரசம் என்ற வழி இருக்கிறது. "நாலு ஆண்கள் உட்கார்ந்து, பெண்ணையே விட்டுக் கொடுக்கச் சொல்லும் பஞ்சாயத்துதானே?" என்று முகம் சுளிக்காதீர்கள். பஞ்சாயத்தார் தீர்ப்புச் சொல்வார்கள். சமரசம் செய்பவர் தீர்ப்பே சொல்ல மாட்டார். அவர் பயிற்சி பெற்றவர். முதலில் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசுவார். பிறகு தனித்தனியே கேட்பார். அவரிடம் நீங்கள் அந்தரங்கமாகச் சொன்னது, உங்கள் சம்மதமில்லாமல் எதிர்த் தரப்புக்குப் போகாது. ஜட்ஜின் காதுக்கும் போகாது.

நம் குடும்பத்துக்கே வருவோம். தனியே கேட்டபோது தங்கை அழுதுவிடுகிறாள். "அம்மா ஆடிய ஊஞ்சலை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டான்!" எந்தத் தீர்ப்பில் இதற்குப் பரிகாரம் எழுத முடியும்? அண்ணன் மன்னிப்புக் கேட்டால் பாதி வழக்கு அங்கேயே கரைந்துவிடும். மீதிப் பாதிக்குப் பணம் எவ்வளவு, எத்தனை தவணை என்று பேசி முடிக்கலாம்.

சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் 2005-ஆம் வருஷம் சமரச மையம் ஏற்பட்டது. கோர்ட்டில் இருக்கும் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு ஜட்ஜுக்கு இடம் தருகிறது. ஒப்பந்தமானால் எழுதிக் கையெழுத்திட்டு, கோர்ட் டிக்ரி ஆக்கிக்கொள்ளலாம். கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் இது உண்டு என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் ஆகாவிட்டால்? வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும், நஷ்டமில்லை.

புருஷன் மனைவி சச்சரவுக்கும் இதே வழிதான். 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம், முதலில் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்றே ஜட்ஜுக்குச் சொல்கிறது.

ஆனால் சகோதரிகளே, இரண்டு விஷயங்களை முந்தானையில் முடிந்து வைத்துக் கொள்ளுங்கள். முதலாவது, உங்கள் உரிமை இன்னதென்று தெரியாமல் போய் உட்காராதீர்கள். உயில் எழுதாத இந்துத் தகப்பனார் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் மகளுக்கும் மகனுக்கும் சம பாகம். இது 1956-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டம். பாகம் தெரிந்தபின் விட்டுக் கொடுத்தால் அது பெருந்தன்மை. தெரியாமல் விட்டால் ஏமாளித்தனம். ஆலோசனைக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது.

இரண்டாவது, அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் முதல் தேவை பாதுகாப்பு. அதற்கு 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பயத்தில் போடும் கையெழுத்துக்குச் சமரசம் என்று பெயரில்லை.

மற்றபடி, வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு முறை எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வீட்டைப் பிரித்துக் கொள்ளலாம். கூடப் பிறந்தவனை எந்த டிக்ரியும் திருப்பித் தராது!