தாணு பத்மநாபனும் அண்டவியல் ஆய்வுப் படிப்பும்

தாணு பத்மநாபன் (மார்ச் 10, 1957 – செப்டம்பர் 17, 2021) ஈர்ப்பியல், அண்டவியல் துறைகளில் பணியாற்றிய இந்திய இயற்பியலாளர். பிரபஞ்சம் முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு அதன் தோற்றம், விரிவு, அமைப்பு ஆகியவற்றை ஆராய்வது அண்டவியல். இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள் இவரது கல்விப் பாதையை அறிந்திருப்பது நல்லது. வெளிநாட்டுப் பட்டமோ ஐ.ஐ.டி. படிப்போ அதில் இல்லை.

கல்வி

திருவனந்தபுரத்தில் பிறந்த பத்மநாபன் அங்குள்ள யுனிவர்சிட்டி கல்லூரியில் இயற்பியலில் இளநிலைப் பட்டமும் (1977) முதுநிலைப் பட்டமும் (1979) பெற்றார். பொதுச் சார்பியல் குறித்த அவரது முதல் ஆய்வுக் கட்டுரை 20 வயதில், இளநிலை மாணவராக இருந்தபோதே வெளிவந்தது. வகுப்புப் பாடத்தோடு நிற்காமல் தாமே படித்ததன் பயன் அது.

1979-ல் மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, ஜெயந்த் நார்லிகரின் வழிகாட்டுதலில் குவாண்டம் அண்டவியலை ஆராய்ந்து 1983-ல் முனைவர் பட்டம் பெற்றார். மாணவராக இருக்கும்போதே அந்நிறுவனத்தில் பணியிலும் அமர்ந்தார். (இன்று அவ்வாறு நடப்பது மிக அரிது.) 1992 முதல் புனேயிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான வானியல், வானியற்பியல் மையத்தில் பணியாற்றினார்.

ஆய்வு

காற்றின் வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் அசைவால் எழுவது. தனி ஒரு மூலக்கூறுக்கு வெப்பநிலை கிடையாது. ஈர்ப்பும் அதுபோல வெளி-காலத்தின் நுண்கூறுகளிலிருந்து எழுவதே என்னும் கோணத்தில் பத்மநாபன் நெடுங்காலம் ஆராய்ந்தார். இக்கருத்து இன்றும் விவாதத்தில் உள்ளது.

விண்ணப்பித்தல்

பெரம்பலூர் வட்டாரக் கல்லூரியில் முதுநிலை இயற்பியல் படிப்பவரும் இந்த நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம். புனே மையம், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்றவை ஜெஸ்ட் நுழைவுத்தேர்வின் மதிப்பெண் கொண்டு நேர்காணலுக்கு அழைக்கின்றன. தேர்விலும் நேர்காணலிலும் விண்மீன்களைப் பற்றிக் கேட்பது குறைவு. இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயற்பியல், கணித முறைகள் ஆகியவையே மையம். கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். விடையைவிட அதை அடையும் வழியைக் கவனிப்பார்கள். கருந்துளைமீது சிறுவயது முதல் ஆர்வம் என்று எழுதுவதால் பெரிய பயனில்லை. செய்த ஒரு சிறு ஆய்வுத்திட்டத்தைத் தெளிவாக விளக்க முடிந்தால் அது உதவும். அத்தகைய வாய்ப்புக்கு இந்திய அறிவியல் கழகங்கள் கூட்டாக நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

உதவித்தொகையும் வேலையும்

ஆய்வுப் படிப்பு ஏறத்தாழ 5 ஆண்டுகள் நீளும். இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆகவே குடும்பம் கடன் வாங்க வேண்டியதில்லை. சிரமம் அதன்பிறகே தொடங்குகிறது. பட்டம் பெற்றவர் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக, பெரும்பாலும் நாடு நாடாக, முதுமுனைவர் ஆய்வாளராகப் பணிபுரிய வேண்டியிருக்கும். நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. பலர் தரவு அறிவியலுக்கும் மென்பொருளுக்கும் மாறுகின்றனர். விண்ணப்பிக்கும் முன்பே இதை வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.